ஜெபத்துக்காகத்தான் சொன்னேன்

செஞ்சி தாய் சேய் நல நிலையத்தில் மிட்வைஃபாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, சரியாக நினைவில்லை. அரிசி கிடைக்காமல் ஊரே அல்லாடிக்கொண்டிருந்த வருஷம். சொந்த ஊர் அனந்தபுரம் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் பிரசவ வேலைக்கு நேரம் காலம் கிடையாது. அதனால் கோயில் தெருவுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கியிருந்தேன்.

நான் நல்ல கிறிஸ்தவள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஞாயிறு ஆராதனை தவறியதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு வேளைதான் சாப்பாடு. சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்படி இல்லாதவர்களைப் பார்த்தால் பரிதாபப்படுவதாக நினைத்துக்கொள்வேன். அது பரிதாபம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் சபை சின்னது. நாற்பது குடும்பம் இருக்கும். சபைக்கென்று ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சருக்கு இருபத்திரண்டு வயது. நல்ல குரல். பாட்டுக் குழுவில் அவள் வராத ஞாயிற்றுக்கிழமை தனியாகத் தெரியும். ஊர் வல்லம். அம்மா இல்லை, அப்பா மட்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இருந்தாள்.

நவம்பர் மாதம் ஒரு நாள் மதியம், கூட்டமெல்லாம் போன பிறகு அவள் நிலையத்துக்கு வந்தாள்.

"அக்கா, கதவ கொஞ்சம் சாத்துறீங்களா?"

சாத்தினேன். அவள் பெஞ்சில் உட்காரவில்லை. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன என்று அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. படுக்கவைத்துப் பார்த்தேன்.

"நாலு மாசம் முடிஞ்சிருக்குது," என்றேன். அடுத்து என் வாயில் வந்த கேள்வி, "யாரு?"

"அது மட்டும் கேக்காதீங்கக்கா."

"கல்யாணம் பண்ணிக்குவாரா?"

தலையை ஆட்டினாள். இல்லை என்று. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"அரைப் பரீட்சை லீவு விட்டதும் எங்கியாச்சும் போயிடறேன். அது வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம். உங்கள நம்பித்தான் வந்தேன்."

"நான் சொல்ல மாட்டேன்," என்றேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். வாசல் வரை கூடப் போனேன்.

மூன்று நாள்தான் அந்த வார்த்தை தாங்கியது.

வியாழக்கிழமை மாதர் சங்கக் கூட்டம் மூப்பர் வீட்டில். மூப்பர் என்பவர் சபைக் காரியங்களையெல்லாம் நடத்துகிற பெரியவர். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அதை உடைக்கிற மில் ஒன்று அவருக்கு இருந்தது. ஊரில் ஜீப் வைத்திருந்த இரண்டு மூன்று பேரில் அவரும் ஒருவர். அவருடைய மனைவிதான் மாதர் சங்கத் தலைவி. கூட்ட முடிவில் யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். ஒருத்தி மாமியாரின் கண் ஆபரேஷனுக்காக என்றாள். ஒருத்தி மழைக்காக என்றாள். என் முறை வந்தது.

"நம்ம டீச்சருக்காக விசேஷமா ஜெபம் பண்ணணும். இன்னான்னு கேக்காதீங்க. பெரிய சோதனையில இருக்குது."

எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தோம். கூட்டம் கலைந்ததும் மூப்பர் மனைவி செருப்பு விடும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

"இன்னா சோதனை? உடம்புக்கா?"

"வெளிய போகக் கூடாதும்மா. ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது நாக்கில் ஒரு ருசி இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதை மறுக்க முடியவில்லை.

பத்து நாளில் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் யாரும் போக வேண்டாம் என்று சொல்லிச் சபைக் கூட்டம் போட்டார்கள். அவளை முன்னால் நிற்கவைத்தார்கள். மூப்பர்தான் கேட்டார். "யாரு, சொல்லும்மா. சொன்னா அவனையும் கூப்பிட்டுப் பேசலாம்." அவள் சொல்லவில்லை. மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்தேன்.

ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்திலிருந்து விலக்குவது, பள்ளிக்கூட வேலையிலிருந்து நீக்குவது. மூப்பர் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். போதகர் ஜெபித்து முடித்தார். யார் யார் என்று அவளிடம் அத்தனை முறை கேட்டோமே, இனி எங்கே போவாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வல்லத்தில் அவளுடைய அப்பா வீட்டுக்குள் விடவில்லையாம். சிங்கவரத்தில் ஒரு விவசாயக் குடும்பம் மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையைக் கொடுத்தது. அந்த வீட்டுப் பெண்பிள்ளை அவளிடம் படித்தவள். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. சபைத் தீர்மானம் அவர்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

சிங்கவரம் என் பகுதிதான். வாரத்துக்கு ஒரு முறை போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வர வேண்டும். போனேன். ஆனால் அந்தத் தெருவுக்குள் மட்டும் நுழையாமல் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவேன். ஐந்து மாதம் அப்படித்தான் செய்தேன். அவளை ஒரு முறைகூடப் பரிசோதிக்கவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சபைக் கோயிலுக்குப் போக வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் மணி. அந்த விவசாயி, வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"நர்சம்மா, டீச்சரம்மாவுக்கு விடியக்காலத்துலேர்ந்து வலி. ஊட்டுல உங்கள கையோட இட்டாரச் சொல்லிச்சு."

பையை எடுத்துக்கொண்டு சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தேன். எட்டரை மணிக்கே இரண்டு பக்கத்துப் பாறைகளும் அனல் கக்கின. வழியெல்லாம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் யோசனை. அவள் எப்படி இருக்கிறாள் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது.

கொட்டகை அறையில் கயிற்றுக் கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். விவசாயியின் மனைவி அவள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் தலையைக் குனிந்து உள்ளே கால் வைத்தேன்.

"வேணாம்," என்றாள் டீச்சர். "இவங்க வேணாம். வெளிய போகச் சொல்லுங்க."

"இன்னா டீச்சரம்மா, நர்சம்மாதானே?"

"அவங்க கை எம்மேல படக் கூடாது."

வலி வந்து அவள் பல்லைக் கடித்தாள். அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குள்ள இன்னா நடந்துச்சு?"

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. "இவங்க ரகசியமா எங்கிட்ட சொன்னத நான்தான் வெளிய சொன்னேன். என்னாலதான் வேலை போச்சு." அதுவரை அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஜெபத்தில்கூட.

"அடிப்பாவி," என்றாள் அந்தம்மா. பிறகு, "அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப இன்னா பண்ணணும்? நீ கதவாண்டயே நின்னு சொல்லு, நான் பண்றேன்," என்றாள்.

அப்படித்தான் நடந்தது. கையில் பையோடு வாசலில் நின்றேன். வெந்நீரில் கை கழுவச் சொன்னேன், சோப்பை நீட்டினேன். எப்போது முக்க வேண்டும், எப்போது நிறுத்தி மூச்சு விட வேண்டும் என்று சொன்னேன். தலை தெரிந்தபோது, "இழுக்காதீங்க, கையை வெச்சு மெதுவா தாங்குங்க," என்று கத்தினேன். அது வரைக்கும் எத்தனை பிரசவம் பார்த்திருப்பேன். நான்கடி தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அந்த ஒன்றுக்குத்தான். டீச்சர் என் குரலைக் கேட்டாள், சொன்னபடி செய்தாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

குழந்தை பிறந்தது. அழவில்லை.

அந்தம்மா அதைக் கையில் ஏந்தியபடி என்னைப் பார்த்தாள். நீலம் பாய்ந்திருந்தது.

"ஏன் அழல?" என்றாள் டீச்சர். "ஏன் அழல?" அப்புறம் வாசலைப் பார்த்துக் கதறினாள். "அக்கா!"

உள்ளே பாய்ந்தேன். விரலில் துணியைச் சுற்றி வாயைத் துடைத்து, குழாய் வைத்துச் சளியை உறிஞ்சி, தலைகீழாய்ப் பிடித்து முதுகைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஒரு விக்கல். பிறகு அழுகை. பெண் குழந்தை.

தொப்புள்கொடியை அறுத்துக் குழந்தையை அவள் மார்பில் வைத்தேன். என் கை அவள் மேல் பட்டது. அவள் தட்டிவிடவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நஞ்சுக்கொடி விழவில்லை. கால் மணி, அரை மணி ஆயிற்று. பாயில் ரத்தம் பரவ ஆரம்பித்தது. ஊசி போட்டேன். அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கையை எடுத்தால் ரத்தம் கூடியது. செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு. டாக்டர்தான் கையை விட்டு எடுக்க வேண்டும்.

"வண்டி கட்டுங்க," என்றேன் விவசாயியிடம். "கட்டச் சொல்லிட்டு நீங்க சைக்கிள்ல கோயிலுக்குப் போங்க. மூப்பர்னு கேளுங்க. ஜீப் வெச்சிருக்காரு. நெலமைய சொல்லுங்க."

"என்ன வெளிய தள்ளினவருகிட்டயா?" என்றாள் டீச்சர். உதடு வெளுத்திருந்தது. "வேணாம்."

"போங்க," என்றேன் அவரிடம்.

போகச் சொன்னேனே தவிர, வருவார் என்று எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. அந்தத் தீர்மானத்தை வாசித்த குரல் என் காதிலேயே இருந்தது. ஆராதனை முடியட்டும் என்பார், போதகரைக் கேட்க வேண்டும் என்பார். மனதுக்குள் அவருக்குச் சாபம் விட்டுக்கொண்டே அவளை வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் ஏற்றினேன். விவசாயியின் தம்பி வண்டியை ஓட்டினார். அந்தம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் வயிற்றில் கையை அழுத்தியபடி வந்தேன். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப்போட்டது. அவள் கண் சொருக ஆரம்பித்தது.

"தூங்காத. பேசிட்டே இரு," என்றேன்.

"உங்ககிட்ட இன்னா பேசறது?"

"ஏதாச்சும். என்ன திட்டு."

அவள் கண் மறுபடி சொருகியது. கன்னத்தில் தட்டினேன்.

"ஒரு கார்டு எழுதினேன்," என்றாள்.

"யாருக்கு?"

"உங்க பெரிய டாக்டரம்மாவுக்கு. விழுப்புரத்துக்கு. நீங்க பண்ணத எழுதினேன். பார்த்தா உங்க வேல போயிடும்."

அழுத்தத்தைத் தளரவிடக் கூடாது என்று மறு கையையும் வைத்து அழுத்தினேன். "போட்டியா?"

"போடல."

"ஏன்?"

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "மூணு தடவ போஸ்டாபீஸ் வரைக்கும் போனேன். வேல போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்கா. அத இன்னொருத்தருக்குப் பண்ண மனசு வரல."

நான் அவளுக்கு மறுத்த இரக்கம் அது. அவள் ஐந்து மாதமாக அதை எனக்குத் தந்துகொண்டிருந்தாள், நானோ ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் எதிரே புழுதி எழும்பியது. ஜீப். மூப்பர்தான் ஓட்டிவந்தார். நிறுத்துவதற்கு முன்பே அவர் மனைவி இறங்கி ஓடிவந்தார், கையில் ஒரு கட்டுப் போர்வை. என் வாயில் தயாராக இருந்த வசவையெல்லாம் விழுங்கினேன்.

"தூக்குங்க," என்றார் மூப்பர். அவ்வளவுதான்.

பின் சீட்டில் கிடத்தினோம். விவசாயியின் மனைவி குழந்தையோடு முன்னால் ஏறினாள். மூப்பர் மனைவி டீச்சரின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். "என்ன மன்னிச்சிடு, என்ன மன்னிச்சிடு," என்று ஆஸ்பத்திரி வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். டீச்சருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை.

டாக்டர் அன்று இருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். நஞ்சை எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். மூன்று மணி நேரம் வராந்தாவில் காத்திருந்தோம். கோயிலில் நடந்ததை மூப்பர் மனைவி அப்போது சொன்னார். போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது விவசாயி துண்டை இடுப்பில் கட்டியபடி நடுவழியில் நடந்து வந்தாராம். "இங்க மூப்பரு யாருங்க? டீச்சரம்மா சாவக் கெடக்குது. ஜீப்பு வேணுமாம்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம். மூப்பர் உடனே எழுந்திருக்கவில்லையாம். எல்லோரும் அவரையே பார்த்திருக்கிறார்கள். பிறகு சட்டைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே எழுந்து போனாராம்.

பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் மூப்பர் வாய் திறந்தார்.

"நான் வர மாட்டேன்னு நெனச்சே, இல்லம்மா?"

"ஆமாங்கய்யா."

"நானும் அப்படித்தான் நெனச்சிருப்பேன். அந்த ஆளு வந்து நிக்கற வரைக்கும்."

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஐயா, அது ஆஸ்பத்திரி ரகசியம். டீச்சர் என்ன நம்பிச் சொன்னத நான்தான் அம்மாகிட்ட சொன்னேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா அழ ஆரம்பித்தார். "நான் ரெண்டு பேருகிட்ட சொன்னேன். ஜெபத்துக்காகன்னு சொல்லித்தான் சொன்னேன்."

"அன்னிக்கு அந்தப் பொண்ணு முன்னால நின்னப்ப நீங்க ரெண்டு பேரும் உக்காந்துட்டு இருந்தீங்க," என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "நானும்தான். நின்னுட்டு இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்."

அடுத்த வியாழக்கிழமை மாதர் சங்கத்தில் எழுந்து நின்று நான் செய்ததைச் சொன்னேன். என்னை யாரும் அணைத்துக்கொள்ளவில்லை. ஒருத்தி, "இதையெல்லாம் ஏன் கிளறணும்?" என்றாள். இன்னொருத்தி அதற்குப் பிறகு பிரசவத்துக்கு என்னிடம் வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று மூப்பரே கமிட்டியில் கேட்டார். இரண்டு மாதம் சண்டை நடந்தது. ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா என்று இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். கடைசியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். அன்று பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன. தொட்டிலைப் போல் கையை மடித்துக் குழந்தையை ஏந்திக்கொண்டு, அதே இடத்தில், முன்னால் நின்றாள் டீச்சர். பக்கத்தில் நானும் மூப்பர் மனைவியும் நின்றோம். விவசாயக் குடும்பம் முதல் வரிசையில், எப்போது எழுந்திருப்பது எப்போது உட்காருவது என்று தெரியாமல் எங்களைப் பார்த்துப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்கள்.

திருவிருந்துக்கு வரலாம் என்று போதகர் அவளிடம் சொன்னார். அவள் வரவில்லை.

"இன்னும் முடியலக்கா," என்றாள் வெளியே வந்து. "கோவம் இல்ல. கிட்ட போனா அன்னிக்கு நின்னது ஞாபகம் வருது."

"என்ன மன்னிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியல," என்றாள். "கேட்டுட்டே இருக்காதீங்க."

பள்ளிக்கூட வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மூப்பர் ஒரு கடிதம் எழுதி, தெற்கே ஒரு மாணவியர் விடுதியில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அவள் சம்மதம் கேட்டு எல்லா விவரத்தையும் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அந்தக் கடிதத்தை அனுப்பினார். ஆடி மாதம் பஸ் ஏற்றிவிட்டோம். குழந்தை பஸ் சத்தத்துக்குப் பயந்து வீறிட்டது. ஜன்னல் வழியாக அவள் கையசைத்தது எனக்கா, விவசாயியின் மனைவிக்கா என்று தெரியவில்லை.

இரண்டு வருஷம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது. நலம் விசாரிப்பு ஒரே வரிதான். குழந்தைக்குப் பதினைந்து நாளாக இருமல், ராத்திரி காய்ச்சல் அடிக்கிறது, அங்கே கொடுத்த மருந்து கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்று உங்களைத்தான் கேட்கத் தோன்றியது என்று எழுதியிருந்தாள்.

நான் அன்றைக்கே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும், என்ன கேட்க வேண்டும், எக்ஸ்ரே படம் எடுக்கச் சொன்னால் பயப்படாதே என்றெல்லாம் எழுதி, மூன்று மணித் தபால் எடுப்பதற்கு முன் சேர்க்க வேண்டும் என்று கடைத்தெரு வழியாக ஓடினேன்.